சண்டையில்லாத நாளில் போர்க்கப்பல் மாலுமிக்கு என்ன வேலை?

கேள்வி: போர்க்கப்பலில் ஒரு மாலுமியின் நாள் எப்படிப் போகும்? சண்டையே நடக்காதபோது நூற்றுக்கணக்கான பேர் அங்கே என்னதான் செய்கிறார்கள்?

சுருக்கமாகச் சொன்னால், கப்பலைக் கப்பலாக வைத்திருப்பதுதான் வேலை. பீரங்கியும் ஏவுகணையும் புகைப்படத்தில் வரும். மாலுமியின் நாளோ உப்பு, துரு, எண்ணெய்க் கசிவு, தீ பற்றிய பயம், தூக்கம் ஆகியவற்றோடு கழியும். இவற்றில் தூக்கத்தைத்தான் முதலில் சொல்ல வேண்டும். கப்பலில் குடிநீரைத் தயாரிக்கலாம், மின்சாரத்தைத் தயாரிக்கலாம், எரிபொருளை நடுக்கடலில் வாங்கிக்கொள்ளலாம். தூக்கத்தை மட்டும் எங்கிருந்தும் கொண்டுவர முடியாது.

கடலில் நாள் என்பது 24 மணி நேரமும் நடக்கிற நாள். அதை வாட்ச் என்ற துண்டுகளாகப் பிரிப்பார்கள். இரவு 8 மணியிலிருந்து நான்கு நான்கு மணி நேரமாக மறுநாள் மாலை 4 மணி வரை ஐந்து வாட்ச். மாலை 4 முதல் 8 வரை உள்ள நான்கு மணி நேரத்தை மட்டும் இரண்டிரண்டாக வெட்டுவார்கள்; இந்தக் குட்டி வாட்ச்களுக்கு டாக் வாட்ச் என்று பெயர். வெட்டாமல் விட்டால் ஒரு நாளைக்கு ஆறு வாட்ச். ஆறு என்பது இரண்டாலும் மூன்றாலும் வகுபடும் எண். அப்போது நள்ளிரவு வாட்ச் மாட்டியவருக்கு அது தினமும் மாட்டும். ஏழாக்கிவிட்டால் முறை தானாகவே நகரும்.

மூன்று குழுக்கள் மாறி மாறி நின்றால் ஒருவருடைய கணக்கு இப்படி வரும்: முதல் இரவு 8 முதல் 12 வரை. மறுநாள் காலை 8 முதல் 12, மாலை 6 முதல் 8. அதற்கடுத்த நாள் விடியற்காலை 4 முதல் 8, மாலை 4 முதல் 6. அன்று நள்ளிரவு 12 முதல் 4. கேட்பதற்கு ஒரு நாளைக்கு ஆறு முதல் பத்து மணி நேரம்தானே என்று தோன்றும். ஆனால் வாட்ச் என்பது வேலையின் ஒரு பாதிதான். வாட்ச் இல்லாத பகல் நேரத்தில் அவரவர் பிரிவின் பராமரிப்பு வேலை, துப்புரவு, பயிற்சி எல்லாம் உண்டு. விடியற்காலை 4 மணி வாட்ச்சுக்கு 3.30க்கே எழுப்புவார்கள்; 15 நிமிடம் முன்னதாகவே இடத்தில் நிற்க வேண்டும். இரவு 10 மணிக்குப் படுத்தவருக்கு ஐந்தரை மணி நேரத் தூக்கம். 12 முதல் 4 வரை நிற்பவருக்கு முன்னால் மூன்று மணி நேரம், பின்னால் இரண்டு மணி நேரம் என்று துண்டுதுண்டாக. பதற்றமான கடற்பகுதியில் ஆள்பலத்தைக் கூட்ட இரண்டே குழுக்களாகப் பிரித்து ஆறு மணி நேரம் வேலை, ஆறு மணி நேரம் ஓய்வு என்று ஓடும்போது நிலைமை இன்னும் மோசம்.

முறை நகர்வது நியாயம். ஆனால் உடம்புக்கு நியாயம் தெரியாது, கடிகாரம்தான் தெரியும். தினமும் வேறு வேறு நேரத்தில் தூங்குகிறவருக்கு எட்டு மணி நேரம் கிடைத்தாலும் களைப்பு போகாது. 2017 ஆகஸ்ட் 21 அன்று சிங்கப்பூர் நீரிணைக்கு அருகே அமெரிக்காவின் ஜான் எஸ். மெக்கெய்ன் என்ற நாசகாரிக் கப்பல், ஆல்னிக் எம்சி என்ற எண்ணெய்க் கப்பலின் பாதையில் திரும்பி மோதியது. 10 மாலுமிகள் இறந்தார்கள். சுக்கான் பிடித்தவரின் சுமையைக் குறைக்க, எஞ்சின் வேகத்தை மட்டும் பக்கத்து மேசைக்கு மாற்றச் சொன்னார் கேப்டன். தொடுதிரையில் சுக்கானும் சேர்ந்தே அங்கே போய்விட்டது. சுக்கான் செயலிழந்துவிட்டது என்று இங்கே ஒருவர் கத்துகிறார், அது தன் கையில் இருப்பது அங்கே இருப்பவருக்குத் தெரியவில்லை. வேகத்தைக் குறைத்தபோது இரண்டு பக்க எஞ்சினும் இணைக்கப்படாமல் இருந்ததால் இடப்பக்கம் மட்டும் மெதுவாகி, கப்பல் அந்தப் பக்கமே இழுத்துக்கொண்டு போனது. விசாரணையில் பயிற்சிக் குறை, இயந்திர வடிவமைப்பு ஆகியவற்றோடு பேசப்பட்ட இன்னொன்று தூக்கம்: கப்பலை ஓட்டும் இடமான பிரிட்ஜில் நின்றவர்கள் அதற்கு முந்தைய 24 மணி நேரத்தில் சராசரியாக 4.9 மணி நேரம்தான் தூங்கியிருந்தார்கள். அதன்பிறகு அந்தக் கடற்படை, உடலின் நாள்சுழற்சிக்கு ஒத்துப்போகும்படி ஒரே நேரத்தில் வாட்ச், ஒரே நேரத்தில் தூக்கம் என்ற முறைக்குக் கப்பல்களை மாற்றத் தொடங்கியது.

வாட்ச்சில் செய்யும் வேலை பிரிவுக்குப் பிரிவு மாறும். பிரிட்ஜில் சுக்கான் பிடிப்பவர் கட்டளையை அப்படியே திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் சக்கரத்தைத் திருப்புவார். சுக்கான் அந்தக் கோணத்துக்கு வந்ததும் மறுபடி சொல்வார். வெளியாளுக்கு இது கிளிப்பிள்ளைத்தனமாகத் தெரியலாம். வலம் இடமாகக் காதில் விழுந்தால் அதைப் பிடிக்க அந்த ஓரிரு நொடிதான் இருக்கிறது. சுற்றிலும் கடலைக் கண்காணிக்க நிற்பவரின் வேலை இன்னும் சலிப்பானது, இன்னும் முக்கியமானது. மரப்படகு, மிதக்கும் கட்டை, நீரில் விழுந்த மனிதர் எல்லாம் ரேடாரில் சரியாகத் தெரியாமல் போகலாம். கண் இருட்டுக்குப் பழக ஏறத்தாழ அரை மணி நேரம் ஆகும். கைப்பேசித் திரையை ஒரு முறை பார்த்தால் அந்த அரை மணி நேரமும் வீண். அதனால்தான் இரவில் உள்ளே சிவப்பு விளக்கு. மங்கலான வெளிச்சத்தை நேராகப் பார்த்தால் மறைந்துவிடும். சற்றுத் தள்ளிப் பார்த்தால் தெரியும், ஏனென்றால் இருட்டில் வேலை செய்யும் செல்கள் விழித்திரையின் நடுவில் இல்லை. அடிவானத்தைச் சரேலென்று துழாவாமல் சிறு சிறு துண்டாக நிறுத்தி நிறுத்திப் பார்க்க வேண்டும். எந்தத் திசை, என்ன பொருள், எவ்வளவு தூரம், எந்தப் பக்கம் நகர்கிறது என்ற வரிசையில் சொல்ல வேண்டும். திசை மாறாமல் தூரம் மட்டும் குறைந்துகொண்டே வரும் வெளிச்சம்தான் மோதப்போகிற வெளிச்சம்.

எஞ்சின் அறையில் மணிக்கு ஒரு சுற்று. மசகு எண்ணெயின் அழுத்தம், தாங்கிகளின் வெப்பநிலை, குளிர்விக்கும் நீர், அடித்தளத்தில் அதாவது பில்ஜில் தேங்கும் நீர்மட்டம் எல்லாவற்றையும் பார்த்து எழுத வேண்டும். காதில் அடைப்பான் இல்லாமல் உள்ளே போகக் கூடாது. நூறு டெசிபலுக்கு மேல் இரைச்சல் சாதாரணம். எண்களைவிட எண்களின் போக்குதான் பயன் தரும்: வரம்புக்குள்ளேயே இருந்தாலும் மணிக்கு இரண்டு டிகிரி ஏறிக்கொண்டிருக்கிற தாங்கி ஒரு சேதி சொல்கிறது. களைத்தவர் செய்யும் பெரிய தவறு, போய்ப் பார்க்காமலேயே போன மணி நேர எண்ணை ஒட்டி ஒன்றை எழுதிவிடுவது. அமெரிக்கக் கடற்படையில் இதற்கு கன்டெக்கிங் என்று தனிப் பெயரே உண்டு. பெயர் வைக்கும் அளவுக்குப் பழைய நோய். எல்லாவற்றையும்விட அஞ்ச வேண்டியது எரிபொருள் குழாயில் விழும் ஊசிமுனைத் துளை. அழுத்தத்தில் பனிபோலப் பீய்ச்சும் எண்ணெய், சூடான புகைபோக்கிக் குழாயில் பட்டால் அந்தக் கணமே தீ. இணைப்புகளுக்கு மேலே தடுப்புறை போடுவதும், குழாய்களைச் சுற்றிய வெப்பக்காப்பு உறை எண்ணெயில் ஊறியிருந்தால் உடனே மாற்றுவதும் இதற்காகத்தான்.

பகல் வேலைக்கு வருவோம். துருவோடு நடக்கும் மல்யுத்தம் முடிகிற கதையே இல்லை. பெயின்ட் அடிப்பது எளிதென்று நினைத்துப் புதிதாக வருபவர்கள் துருவின் மேலேயே பூசிவிடுவார்கள். இரண்டு வாரத்தில் கொப்புளம் கொப்புளமாக எழும்பும். முதலில் நல்ல தண்ணீரால் உப்பைக் கழுவ வேண்டும். உப்பு அடியில் மாட்டிக்கொண்டால் பெயின்ட் வழியே ஈரத்தை உறிஞ்சி உள்ளிருந்து தள்ளும். பிறகு எண்ணெய்ப் பசை நீக்கம். அடுத்து சுத்தியல், கம்பித் தூரிகை, இல்லையென்றால் காற்றழுத்தத்தில் ஓடி, இரும்பு ஊசிகளால் படபடவென்று துருவைக் கொத்தும் நீடில் கன் கொண்டு பளபளக்கும் இரும்பு தெரியும்வரை சுரண்டல். கண்ணாடியும் காதடைப்பும் கட்டாயம். நல்ல பெயின்ட்டும் வெற்று இரும்பும் சந்திக்கும் விளிம்பை உப்புத்தாளால் தேய்த்துச் சரிவாக்க வேண்டும். படிக்கட்டுபோல விட்டால் அங்கிருந்தே மறுபடி உரியும். தேய்த்த அன்றே பிரைமர் அடித்தாக வேண்டும், கடற்காற்றில் வெற்று இரும்பு சில மணி நேரத்திலேயே செம்மை பூத்துவிடும். காற்றின் ஈரப்பதம் 85 சதவீதத்தைத் தாண்டினாலோ, இரும்பின் வெப்பம் பனிப்படிவு நிலையைவிட, அதாவது காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலையைவிடக் குறைந்தது 3 டிகிரி செல்சியஸ் அதிகமாக இல்லாவிட்டாலோ தூரிகையைத் தொடவே கூடாது. அலுமினியப் பகுதிகளில் இரும்புக் கம்பித் தூரிகை ஆகாது. பதிந்துபோகும் இரும்புத் துகள்கள் அலுமினியத்தை அரிக்கத் தூண்டும்.

எதற்குப் பெயின்ட் அடிக்கக் கூடாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும்: கதவின் ரப்பர் கேஸ்கட், கிரீஸ் நிப்பிள், வால்வின் தண்டு, அறிவிப்புத் தகடுகள், அரிப்பைத் தன் மேல் ஏற்றுக்கொள்ளும் துத்தநாகக் கட்டிகள். ஆய்வுக்கு முந்தைய நாள் அவசரத்தில் எல்லாவற்றின் மேலும் ஒரு பூச்சு இழுத்துவிடுகிற வழக்கம் எந்த நாட்டுக் கப்பலிலும் உண்டு. கேஸ்கட்டின் மேல் பெயின்ட் காய்ந்தால் அது ரப்பராக இருக்காது, நீர் கசியும். உள்சுவர்களில் ஆண்டாண்டாக ஏறும் பூச்சு வேறு வகையில் ஆபத்து: அடுத்த அறையில் தீ என்றால் சுவர் சூடாகி இந்தப் பக்கத்துப் பெயின்ட்டே பற்றிக்கொள்ளும்.

நீர்புகாக் கதவுகள் தனிப் பாடம். எப்போதும் மூடியிருக்க வேண்டியவை, கடலில் மூட வேண்டியவை, சண்டை நிலையில் மூட வேண்டியவை என்று எக்ஸ், ஒய், இசட் எழுத்துகளால் குறித்திருப்பார்கள். மூடியிருக்க வேண்டிய கதவைத் திறக்க அனுமதி கேட்க வேண்டும், அது பதிவாகும். தனித்தனிக் கொண்டி உள்ள கதவை மூடும்போது கீலுக்கு எதிர்ப்பக்கக் கொண்டியை முதலில் லேசாகப் பிடிக்க வைத்து, பிறகு மற்றவற்றைச் சமமாக இறுக்குவது முறை. திறக்கும்போது கீல் பக்கக் கொண்டிகள் முதலில். மாற்றிச் செய்தால் கதவு விறைத்துக்கொண்டு மற்றவை கழலாது. கதவு சரியாக அடைக்கிறதா என்று பார்க்க, சட்டத்தின் கத்தி விளிம்பில் சாக்பீஸ் தேய்த்து மூடித் திறப்பார்கள். கேஸ்கட்டில் கோடு அறுபடாமல் விழுந்திருக்க வேண்டும். எங்கே விட்டுப்போயிருக்கிறதோ அங்கே நீர் வரும். நீர்மட்டத்துக்கு 3 மீட்டர் கீழே 10 சென்டிமீட்டர் விட்டத்தில் ஒரு துளை விழுந்தால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 2 டன் நீர் உள்ளே வரும் என்பதை நினைத்தால், சாக்பீஸ் சோதனையில் யாரும் ஏமாற்ற மாட்டார்கள் என்றுதான் தோன்றும். ஏமாற்றுபவர்கள் இருக்கிறார்கள்.

தீப்பயிற்சி ஏறத்தாழ தினமும் நடக்கும், அதுவும் சரியாகத் தூக்கம் வரும் நேரம் பார்த்து. கடலில் தீயணைப்பு வண்டி வராது. சமையல்காரரும் எழுத்தரும்கூடத் தீயணைப்பு வீரர்கள்தான். தீயைப் பார்த்தவர் முதலில் கத்த வேண்டும், எந்த அறை என்று சொல்ல வேண்டும், பிறகு அருகிலுள்ள கருவியை எடுக்க வேண்டும். தனியாக அணைத்துவிட்டுச் சொல்லிக்கொள்ளலாம் என்ற நினைப்பு வேண்டாம். அறை புகையால் நிறைய ஓரிரு நிமிடம் போதும். எஞ்சின் அறைத் தீ கைமீறினால் எரிபொருளையும் காற்றோட்டத்தையும் நிறுத்தி, ஆட்களை எண்ணி வெளியேற்றி, கதவை அடைத்து, தீயை அணைக்கும் வாயுவைத் திறந்துவிடுவார்கள். அதன்பின் கதவைத் திறந்து எட்டிப் பார்க்கும் ஆசையை அடக்க வேண்டும்: உள்ளே சூடு தணிவதற்குள் காற்று புகுந்தால் மறுபடி பற்றும். வெளியே இருப்பவர்கள் சும்மா நிற்பதில்லை. எரியும் அறைக்கு ஆறு பக்கம் உண்டு, நான்கு சுவர், மேலே ஒன்று, கீழே ஒன்று. ஆறையும் நீரால் குளிர்விக்க வேண்டும்.

அந்த நீரே எதிரியாகவும் மாறும். 1942 பிப்ரவரியில் நியூயார்க் துறைமுகத்தில் நார்மண்டி என்ற பெரிய பயணிகள் கப்பலைப் படைவீரர்களை ஏற்றிச்செல்லும் கப்பலாக மாற்றிக்கொண்டிருந்தபோது தீப்பிடித்தது. தீயை அணைக்க மேல்தளங்களில் கொட்டிய நீர் ஒரு பக்கமாகச் சேர்ந்து கப்பலையே கவிழ்த்துவிட்டது. உள்ளே தளும்பும் நீர் கப்பல் சாயும் பக்கமே ஓடிச் சாய்வை இன்னும் கூட்டும். ஆகவே எவ்வளவு நீர் உள்ளே போகிறது, அதை எப்படி வெளியேற்றுவது என்று ஒருவர் கணக்கு வைத்துக்கொண்டே இருக்க வேண்டும். 1967 ஜூலை 29 அன்று அமெரிக்காவின் ஃபாரஸ்டல் என்ற விமானந்தாங்கிக் கப்பலின் மேல்தளத்தில் தீப்பிடித்தபோது, பயிற்சி பெற்ற தீயணைப்புக் குழுவில் பெரும்பாலோர் முதல் குண்டுவெடிப்பிலேயே இறந்துபோனார்கள். அடுத்து வந்தவர்கள் துணிச்சலாகத்தான் போராடினார்கள். ஆனால் ஒரு குழு போட்ட நுரையை இன்னொரு குழு கடல்நீரால் கழுவித் தள்ளியது. இறந்தவர்கள் 134 பேர். எல்லா மாலுமிக்கும் தீயணைப்புப் பயிற்சி என்பது அந்த நாளின் விளைவு. உடைக்கும் இப்படி ஒரு வரலாறு உண்டு. 1982 ஃபாக்லாந்து போரில் செயற்கை இழை உடைகள் தீயில் உருகித் தோலில் ஒட்டின. கடலில் பருத்தி அல்லது தீ தாங்கும் துணி, சண்டை நிலையில் முகத்தையும் கையையும் மூடும் உறை என்ற விதியில் அதிகாரிகள் கறாராக இருப்பது வேண்டாத கெடுபிடி அல்ல.

நடுக்கடலில் எரிபொருள் வாங்கும் நாள் எல்லோருக்கும் நீண்ட நாள். இரண்டு கப்பல்கள் 30 முதல் 60 மீட்டர் இடைவெளியில், 12 முதல் 16 நாட் (மணிக்கு ஏறத்தாழ 22 முதல் 30 கிலோமீட்டர்) வேகத்தில் மணிக்கணக்கில் இணையாகப் போக வேண்டும். முதலில் துப்பாக்கியால் மெல்லிய கயிறு ஒன்றை எறிவார்கள். அதைப் பிடித்து இழுத்தால் தடித்த கயிறு, அதன்பின் இரும்புக் கம்பி, கடைசியில் எண்ணெய்க் குழாய். குறுக்கே கட்டிய தூரக் கயிற்றில் 20 அடிக்கு ஒரு வண்ணக் கொடி, பிரிட்ஜில் இருப்பவர் இடைவெளியைக் கண்ணாலேயே படிக்க. இரண்டு உடல்களுக்கு நடுவே நீர் வேகமாக ஓடுவதால் அழுத்தம் குறைந்து கப்பல்கள் ஒன்றையொன்று இழுக்கும். அனுபவமுள்ளவரைத்தான் அன்று சுக்கானில் நிறுத்துவார்கள், ஒரு டிகிரி வழுவினாலும் அது தெரியும். தளத்தில் நிற்பவருக்கு விதிகள் எளிமையானவை: மோதிரம் கழற்று, கயிற்றைக் கையில் சுற்றாதே, கயிற்று வளையத்துக்குள் கால் வைக்காதே, இறுகிய கயிற்றின் நேர்க்கோட்டில் நிற்காதே. நைலான் கயிறு இழுபட்டு அறுந்தால் சாட்டைபோலத் திரும்பி வந்து எலும்பை முறிக்கும், ஆளையும் கொல்லும். எந்த நொடியிலும் எல்லாவற்றையும் கழற்றி விலகும் ஒத்திகையும் முன்பே நடந்திருக்கும்.

தங்குமிடம் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை, இடமே அதிகம் இல்லை. மூன்றடுக்குப் படுக்கை, ஒரு திரைச்சீலை, மெத்தைக்கு அடியிலும் பக்கத்திலும் சிறு பெட்டி, அவ்வளவுதான் சொந்த உலகம். எழுந்து உட்கார முடியாது, உருண்டுதான் இறங்க வேண்டும். கடல் கொந்தளிக்கும்போது முழங்காலைச் சுவரில் முட்டுக்கொடுத்துத் தூங்கப் பழகிவிடுவார்கள். குளியல் என்றால் நனைத்துக்கொள், குழாயை மூடு, சோப்புப் போடு, மறுபடி திறந்து அலசு. மொத்தமாகத் தண்ணீர் ஓடும் நேரம் இரண்டு மூன்று நிமிடம். கடல்நீரை அழுத்தத்தில் சவ்வின் வழியே தள்ளித்தான் நல்ல நீர் எடுக்கிறார்கள். கரைக்கு அருகே சேறும் எண்ணெயும் சவ்வை அடைத்துவிடும் என்பதால் அங்கே இயந்திரத்தை நிறுத்திவிடுவார்கள், தட்டுப்பாடு வரும். பச்சைக் காய்கறி முதல் இரண்டு வாரத்தோடு ஏறத்தாழ முடிந்துவிடும், பிறகு உறைய வைத்ததும் டப்பாவில் அடைத்ததும். நள்ளிரவு வாட்ச்சுக்காக நான்காவது வேளைச் சாப்பாடும் உண்டு. துணி துவைக்கும் அறையில் உலர்த்தியின் பஞ்சுத் தூசியை ஒவ்வொரு முறையும் வழித்தெடுப்பது அற்ப வேலையாகத் தெரியும், அதுவும் தீக்காகத்தான். குமட்டலுக்கு மாத்திரை போடுவதானால் கப்பல் ஆடுவதற்கு முன்பே போட வேண்டும், ஆடத் தொடங்கியபின் வயிறு அதை வைத்துக்கொள்ளாது. வெறும் வயிறும் ஆகாது. உலர்ந்த பிஸ்கட் எதையாவது கொறித்துக்கொண்டு, கப்பலின் நடுப்பகுதியில், அடிவானத்தைப் பார்த்து நிற்பது உதவும்.

துறைமுகத்தில் வேலை குறைந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். முழு வாட்ச் போய், நான்கு நாளைக்கு ஒரு நாள்போல இரவும் கப்பலிலேயே தங்கும் முறை வரும். ஆள் குறைவாகவும், வெல்டிங் வேலை நடந்துகொண்டும், குழாய்களும் மின்கம்பிகளும் கதவு வழியே போட்டுக் கதவை மூட முடியாமலும் இருக்கும் நேரம் அது. கடலைவிடத் துறைமுகத்தில்தான் தீயை அதிகம் அஞ்ச வேண்டும். 2020 ஜூலையில் சான் டியாகோ துறையில் நின்ற பானம் ரிச்சர்ட் என்ற அமெரிக்கப் போர்க்கப்பல் நாள்கணக்கில் எரிந்து, கடைசியில் உடைக்கப் போனது.

வாட்ச் கைமாறும் அந்தக் கால் மணி நேரத்தை வைத்தே ஒரு கப்பலை எடைபோட்டுவிடலாம். வருபவர் முதலில் கண்ணை இருட்டுக்குப் பழக்குகிறார். போகிறவர் திசை, வேகம், சுற்றிலும் உள்ள கப்பல்கள், பழுதான கருவிகள், கேப்டனின் இரவுக் கட்டளைகள் எல்லாவற்றையும் சொல்கிறார். கப்பல் திருப்பத்தின் நடுவில் இருந்தால் அது முடியும்வரை கைமாற்றுவதில்லை. புரிந்தது, எடுத்துக்கொண்டேன் என்று வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் பொறுப்பு மாறும். நான்கு மணிக்கு இறங்கி வந்தவர் நாலேகாலுக்குப் படுக்கிறார். பொது எழுப்பல் ஆறரைக்கு. நன்றாக நடக்கும் கப்பலில் நள்ளிரவு வாட்ச் நின்றவர்களுக்கு எட்டு மணி வரை தூங்க அனுமதி இருக்கும். அவர்கள் படுத்திருக்கும் அறைக்கு மேல்தளத்தில் அதுவரை யாரும் நீடில் கன்னை எடுக்க மாட்டார்கள்.